எட்டு ஏ, ஜன்னல் ஓரம்

டெலிசிலே பாத்தா என்ற பெண் எந்தப் பயணியிடமும் "ஜன்னல் ஓரமா, நடைபாதை ஓரமா?" என்று கேட்டதில்லை. கேப் டவுன் விமான நிலையத்தின் கவுண்டரில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவள். அவளுக்குப் பக்கத்துக் கவுண்டரில் பதினொரு வருடம் உட்கார்ந்தவள் நான், புலேல்வா. நானெல்லாம் வாய் வலிக்கக் கேட்பேன். அவர்கள் சொன்னதைத் தட்டுவேன், போர்டிங் பாஸை நீட்டுவேன், அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். அவள் தலையை நிமிர்த்தி முகத்தைப் பார்ப்பாள். பார்த்தாலே தெரிந்துவிடும் என்பாள்.

சண்டை போட்டுக்கொண்டு வரும் புருஷன் பெண்டாட்டிக்கு நடைபாதையின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. "இறங்குறதுக்குள்ள அவங்களே ராசியாயிடுவாங்க. ஒட்டி உக்கார வச்சா டர்பன்ல ரெண்டு பொணம்தான் இறங்கும்" என்பாள். கைவிலங்கின்மேல் சட்டையைப் போர்த்திக்கொண்டு வரும் கைதிக்கும் காவலருக்கும் கடைசி வரிசை. அவசரக் கதவுப் பக்கம் கால் நீட்ட இடம் அதிகம் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் ஆபத்தில் கதவைத் திறக்க வலுவுள்ளவருக்குத்தான் அந்த சீட். முழங்கால் தேய்ந்த கிழவர்கள்கூட வந்து, கதவை ஒற்றைக் கையால் பிடுங்கிவிடுவோம் என்று சத்தியம் செய்வார்கள். "தாத்தா, எங்க, இந்தப் பெட்டியைத் தூக்கி இப்படி வைங்க பாப்போம்" என்பாள். பெட்டி தரையை விட்டு அசையாது. தாத்தாவே சிரித்துவிடுவார். அவருக்கு முன்வரிசையில் நடைபாதை ஓரம் கொடுத்து அனுப்புவாள்.

அவளைப் பார்த்து நானும் இரக்கப்பட்டு, கூடுதல் கட்டணம் கட்ட வேண்டிய சீட்டுகளைச் சும்மா கொடுத்து, இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கினேன். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் சாக்குச் சொல்லும்போது தேவைப்படும்.

அவள் ரொம்பவும் கவனமாக சீட் போட்டது செத்தவர்களுக்குத்தான்.

எங்கள் இனத்தில், வீட்டை விட்டுத் தூரத்தில் ஒருவர் செத்துப்போனால், உடல் பெட்டியில் போய்விடும். ஆனால் ஆள் விழுந்த இடத்திலேயே நின்றுகொண்டிருப்பார். வீட்டார் யாராவது காட்டிலந்தை முட்கிளையோடு அந்த இடத்துக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர் கிளையில் ஏறிக்கொள்வார். அதன்பிறகு வீடு போய்ச் சேரும்வரை கிளையை ஏந்தியவர் வேறு யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கூட வருகிறவரிடம் மட்டும் பேசலாம்: இதோ ஆறு தாண்டுகிறோம், இதோ படி ஏறுகிறோம் என்று வழி சொல்லிக்கொண்டே வர வேண்டும். வாய் தவறி மற்றவரிடம் பேசிவிட்டால் கூட வந்தவர் இறங்கி, விழுந்த இடத்துக்கே போய்விடுவார். அவருக்கும் ஒரு சீட் வேண்டும், வாடகை வேனானாலும் விமானமானாலும்.

கிளையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு கவுண்டரில் வந்து பேசாமல் நிற்கும் அந்த ஆட்களை மற்ற பெண்கள் ஊமை என்று நினைப்பார்கள். டெலி அக்கா போர்வைக்குள் எட்டிப் பார்க்கும் முள்ளைப் பார்த்ததும் எழுந்து நிற்பாள். உயிரோடு இருப்பவர் பெயரிலேயே இரண்டாவது சீட்டையும் போட்டு, அதன்மேல் 'கூடுதல் இடம்' என்று ஒரு குறி வைப்பாள். அந்தக் குறி இருந்தால் இயந்திரத்துக்குப் புரியும்: ஆள் ஒன்று, இடம் இரண்டு. தலையை எண்ணும்போது குழப்பம் வராது.

"ஜன்னல் ஓரம் எப்பவும் செத்தவங்களுக்கு. வழி பாத்துட்டே போகணும் இல்ல?" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். "இடப் பக்கம் போடு, ஏ வரிசை. வலப் பக்கம் போட்டா டர்பன் வரைக்கும் கடல்தான் தெரியும். கடல்ல அவங்களுக்கு யார் இருக்கா? எட்டுக்குப் பின்னாடி போகாத, றெக்கை மறைச்சிடும். கடைசி வரிசையில மட்டும் போட்டுடாதடி, கக்கூஸ் பக்கத்துல. உசுரோட இருக்கறவன் மூக்கைப் பொத்திக்குவான். அவங்க என்ன பண்ணுவாங்க?"

அவளுக்கு ஒரே மகன், லுவாசி. அப்பன்காரன் அவன் பல் முளைக்கும் முன்பே போய்விட்டான். இருபத்திரண்டு வயதில் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. விடியற்காலை வேலைக்குக் கிளம்பும்போது அவனை எழுப்பிவிட்டு வருவாள். அந்தக் கதையை வாரத்துக்கு நாலு தடவை கேட்டிருக்கிறேன்.

"முதல் சத்தத்துக்கே எழுந்து உக்காந்துடுவான் புலேல்வா, பட்டாளத்துக்காரன் மாதிரி. ஆனா திரும்பப் படுக்க விட்டேன்னு வை, அவ்வளவுதான். ரெண்டாந்தடவை தண்ணி ஊத்தினாலும் எழுந்திருக்க மாட்டான். அப்படி ஒரு பிடிவாதம்."

"உங்க புள்ளைதானே அக்கா."

"என் பிடிவாதம் எனக்கு சம்பளம் தருது. அவன் பிடிவாதம் யாருக்கு?" என்று பெருமையாக அலுத்துக்கொள்வாள்.

டிசம்பர் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, லான்ஸ்டவுன் சாலைச் சந்திப்பில், சிக்னலை மதிக்காத ஒரு லாரி அவன்மேல் ஏறியது. கொண்டுபோன சாப்பாடு பையில் சூடு ஆறாமல் இருந்ததாம். அதை ஏன் அவளிடம் சொன்னார்களோ, சொன்னவன் நாசமாகப் போக.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். நூறு கிளைகளுக்கு இடம் போட்டுக் கொடுத்தவள், தன் கிளைக்கு ஆள் தேட வேண்டியதாயிற்று. சொந்த ஊரான நொங்கோமாவில் இருக்கும் அவள் அண்ணன் வெலாபி கால் வீங்கிக் கட்டிலில் கிடந்தார். கிளையை மட்டும் பஸ்ஸில் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டுப் போனில் பேசினார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"ஆம்பளை கையில வர வேண்டியது. என்ன செய்ய? முன்னோர்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீயே கூட்டிட்டு வா தங்கச்சி. ஆனா வாயைத் திறந்துடாத. உன் வாயை எனக்குத் தெரியும்."

"திறக்க மாட்டேண்ணே."

"யார் என்ன கேட்டாலும்."

"கழுத்தை அறுத்தாலும் திறக்க மாட்டேண்ணே."

உடல் புதன்கிழமை காலையில் ஊருக்குப் போய்விட்டது. அன்று பிற்பகல் கவுண்டருக்கு வந்தாள், கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு. மறுநாள் ஒரு மணி விமானத்தின் வரைபடத்தைத் திறந்து, எட்டு பி-யில் தன் பெயரைப் போட்டாள். எட்டு ஏ-யில் லுவாசி பாத்தா என்று அடித்தாள். குறி வைக்கவில்லை. தனிப் பயணியாக, அவன் அடையாள எண்ணோடு, தனி டிக்கெட்.

"அக்கா, குறி வைக்கலையே" என்றேன்.

"வைக்க மாட்டேன்."

"தலை எண்ணும்போது ஒண்ணு குறையும். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"அந்தக் குறி எதுக்கெல்லாம் போடறோம்னு தெரியுமாடி உனக்கு? பருத்த உடம்புக்கு ரெண்டாவது சீட் கேட்டா அதே குறி. பெரிய வாத்தியப் பெட்டியைப் பக்கத்துல வச்சுக்கணும்னா அதே குறி. ஊரார் புள்ளைங்களுக்கெல்லாம் நான்தான் போட்டேன். என் கையால என் புள்ளையைப் பெட்டின்னு எழுதச் சொல்றியா?" "அவன் ப்ளேன்ல போனதே இல்ல புலேல்வா. நான் இங்க வேலை பாத்தும் ஒரு தடவைகூடக் கூட்டிட்டுப் போகல. அவன் பேரு அச்சடிச்ச பாஸ் ஒண்ணு அவனுக்கு வேணும்."

விதி அவளுக்குத் தெரியாததல்ல. எனக்கு விதி சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

"நாளைக்கு போர்டிங் கேட்டுல நீதானே? ரெண்டு பாஸையும் நீயே ஸ்கேன் பண்ணு. உள்ளே தலைமைப் பணிப்பெண் மரிஸ்காதான் வர்றா, நமக்குத் தெரிஞ்ச பொண்ணு. அவகிட்டப் போய், எட்டு ஏ-ல டெலியோட பையன், எண்ணிக்கையில சேத்துக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. எனக்கு நாளைக்கு வாய் இருக்காது. நீதான் என் வாய்."

"சொல்லிடறேன் அக்கா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

வியாழக்கிழமையன்று காலை நேர விமானம் ரத்தாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு ஊர் போகிறவர்கள் அத்தனை பேரும் ஒரு மணி விமானத்தின் வாசலில் வந்து மொய்த்தார்கள். காலி இடத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் ஒன்பது பேர். மேற்பார்வையாளர் அப்போலிஸ் வியர்த்து வழிந்துகொண்டு வாக்கி டாக்கியில் கத்திக்கொண்டிருந்தார். விமானப் பணியாட்களையும் மாற்றிவிட்டார்கள். மரிஸ்கா வரவில்லை. ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த, நான் முன்பின் பார்த்திராத ஒருத்தி தலைமைப் பணிப்பெண்ணாக நின்றாள்.

டெலி அக்கா வந்தாள். காலையில் லான்ஸ்டவுன் சாலைச் சந்திப்புக்குப் போய் அவனைக் கூப்பிட்டுக்கொண்டு நேராக வந்திருந்தாள். சாம்பல்நிறப் போர்வை, அதற்குள் கிளை. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள், பாரம் தூக்குகிறவள்போல. இரண்டு பாஸையும் நீட்டினாள். ஸ்கேன் செய்தேன். இரண்டு முறை பச்சை விளக்கு எரிந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்து, "இது நீளமான நடைதான்பா, முடிவுல ஒரு கதவு இருக்கு, தலையைக் குனிஞ்சுக்கோ" என்று கிளையிடம் சொல்லிக்கொண்டே போனாள்.

நான் உடனே பின்னால் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. யாரென்றே தெரியாத ஒருத்தியிடம் போய், செத்த ஒருவனைப் பயணியாக ஏற்றியிருக்கிறேன், அவனையும் எண்ணிக்கொள் என்று எப்படிச் சொல்வது? அவள் எழுதிப் போட்டால்? மூன்றாவது கடிதம், இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. கூட்டம் குறையட்டும், பிறகு சொல்லலாம் என்று நின்றேன். கூட்டம் குறைந்தது. அப்போதும் நின்றேன்.

எண்ணிப் பார்த்தார்கள். காகிதத்தில் நூற்றெழுபத்து நாலு, உள்ளே நூற்றெழுபத்து மூன்று. மறுபடி எண்ணினார்கள். ஏறிய ஆளைக் காணவில்லை என்றால் விமானம் நகராது.

விமானத்துக்குள் ஒலிபெருக்கியில் கூப்பிட்டாள் அந்தப் பெண். விமானக் கதவை ஒட்டிய நடைக்கூண்டில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. "எட்டு ஏ. பயணி லுவாசி பாத்தா. லுவாசி பாத்தா, மேலே உள்ள பொத்தானை அழுத்தவும்."

மூன்று தடவை கூப்பிட்டாள். கிளையில் வருகிறவனை வேறு குரல் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா? கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். டெலி அக்கா காலி சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, "அது உன்னை இல்லப்பா. அது வேற யாரோ. நீ ஜன்னலைப் பாரு. எழுந்திருக்காத கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டு சி-யில் இருந்தவர் அவளை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

பணிப்பெண் அவளிடம் குனிந்து கேட்டாள். "மேடம், உங்க பக்கத்துல வந்தவர் எங்கே?" பதில் இல்லை. "மேடம், உங்களைத்தான் கேக்கறேன்." பதில் இல்லை. டெலி அக்கா கண்ணால் என்னைத் தேடினாள். கண்டுபிடித்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை.

அப்போலிஸ் மூச்சிரைக்க ஓடி வந்தார். "எட்டு ஏ வரலையா? அந்தப் பேரை நீக்கு புலேல்வா. பட்டியல்ல முதல் ஆளைக் கொண்டுபோய் உக்கார வை. ஏற்கெனவே இருபது நிமிஷம் தாமதம்."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அவளுக்குத்தான் பேசத் தடை. எனக்கு யார் தடை போட்டார்கள்? "சரி சார்" என்றேன். லுவாசி பாத்தா என்ற பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று என் விரலால் தட்டினேன்.

பட்டியலில் முதல் ஆள் ஒரு சுரங்கத் தொழிலாளி, ஐம்பது வயதிருக்கும், தொப்பி வைத்திருந்தார். வழியெல்லாம் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். எட்டாம் வரிசைக்கு வந்து நின்றோம். டெலி அக்கா என் முகத்தையே பார்த்தாள். நான் அவளைப் பார்க்காமல் அவரிடம் சொன்னேன். "இதுதான் உங்க சீட்."

அவர் பையைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, "கொஞ்சம் வழி விடுங்கம்மா" என்று சீட்டின் முதுகில் கையை வைத்தார்.

"அது என் புள்ளை சீட்டு!"

அவள் குரல்தான். சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். போர்வை நழுவியது. முள்ளைப் பார்த்ததும் அந்த மனிதர் நெருப்பைத் தொட்டவர்போலக் கையை எடுத்தார். தொப்பியைக் கழற்றினார்.

"ஐயோ அம்மா. நான் பாக்கலயே. போர்வை மூடியிருந்துச்சும்மா. பாக்கலயே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாவம், அவர் என்ன செய்வார். அவருக்கு அதைச் சொல்ல வேண்டிய நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

டெலி அக்கா எழுந்தாள். யாரையும் திட்டவில்லை. கிளையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு இறங்கினாள். வலது கையை இப்போது தாங்கிப் பிடிக்கவில்லை. நடைக்கூண்டில் அப்போலிஸ் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் எங்கள் இனத்தவர் அல்ல. ஆனால் இந்த நிலையத்தில் முப்பது வருடம் இருந்தவர்.

"உனக்குத் தெரியுமா இது?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

"ஏன் சொல்லல? குறியை மாத்திப் போட அரை நிமிஷம். நானே பண்ணியிருப்பேனே."

மூன்றாவது கடிதம் கடைசிவரை வரவே இல்லை.

வேலையைப் போட்டுவிட்டு அவளோடு போனேன். லான்ஸ்டவுன் சாலையில் நாலு மணி வெயில். லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. சாலை ஓரத்தில் அவள் மண்டியிட்டுக் கிளையைத் தரையில் தொட வைத்தாள். நான் அவள் பையை வைத்துக்கொண்டு தள்ளி நின்றேன்.

"லுவாசி. அம்மாதான். நான்தான் வாயைத் திறந்துட்டேன், உன் மேல தப்பு இல்ல. திரும்பவும் கூப்பிட வந்திருக்கேன். எழுந்து வாப்பா. பெரியம்மா, மாமா எல்லாம் காத்துட்டு இருக்காங்க. லுவாசி, எழுந்திரு." நெடுநேரம் கூப்பிட்டாள். ஒரு வேன்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

பிறகு விமானத்தில் இடமே இல்லை. அன்று மாலை கிளம்பிய டர்பன் பஸ்ஸில் இரண்டு சீட் மிச்சம் இருந்தன. கடைசி வரிசை, கழிப்பறைப் பக்கம். ஏறும்போது அவள் அதைப் பார்த்துவிட்டு ஒரு கணம் நின்றாள். பிறகு போய் உட்கார்ந்தாள். கிளையை ஜன்னல் பக்கம் வைத்தாள்.

சனிக்கிழமை புதைத்தார்கள். ஜனவரி மூன்றாம் வாரம் வேலைக்குத் திரும்பினாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோதெல்லாம், "பயணி நிக்கறாங்க பாரு" என்றாள். மூன்றாம் நாள் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, அவன் வந்து சேந்தானா? அதை மட்டும் சொல்லுங்க."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். "அண்ணன்கிட்ட வந்துட்டான்னு சொன்னேன். கிளையைக் குழியில வச்சு எல்லாம் முறையாத்தான் செஞ்சாங்க." கொஞ்ச நேரம் எதையோ தட்டினாள். "முதல் தடவை கூப்பிட்டப்போ கை கனத்துச்சு புலேல்வா. தோள் வரைக்கும் கனத்துச்சு. ப்ளேன்ல ஏறும்போது எனக்கு மூச்சு வாங்குச்சு. ரெண்டாந்தடவை கூப்பிட்டேன்ல, அப்போ கையில வெறும் கிளைதான். ஊர் வரைக்கும் வெறும் கிளை. உனக்குத்தான் தெரியுமே. திரும்பப் படுக்க விட்டா அவன் எழுந்திருக்க மாட்டான்."

எதிரே ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். டெலி அக்கா நிமிர்ந்து பார்க்காமல் கையை நீட்டி அடையாள அட்டையை வாங்கினாள்.

"ஜன்னல் ஓரமா, நடைபாதை ஓரமா?" என்று கேட்டாள்.